வெளிநாட்டுக் கிராமத்துச் சூழல் அமைப்புக்குத் தகவல் தொடர்புப் பணியைக் கொடையாகத் தருவது: இலவசம் என்றும் ஏன் பதில் வரவில்லை?

தொடுவானம்:

அனைவருக்கும் வணக்கம். விளம்பர நிறுவனங்களில் எழுத்தாளராகவும், பின்னர் ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவிலுமாகப் பதினொரு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். இப்போது மூன்று மாத விடுப்பு கிடைத்திருக்கிறது. மண்வெட்டி பிடித்து மரம் நடும் உடல் வலு எனக்குக் கிடையாது. தெரிந்த தொழில் எழுதுவதும், எழுதியதைச் சேர வேண்டியவர்களிடம் சேர்ப்பதும்தான். அதை ஏதேனும் ஒரு சூழல் அமைப்புக்கு ஊதியமின்றிச் செய்து கொடுக்கலாம் என்று எண்ணி, வெளிநாட்டு மலைக்கிராமம் ஒன்றில் சீரழிந்த காட்டை மீட்டு வளர்க்கும் சிறிய அமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். அவர்களிடம் ஊழியர்கள் எட்டுப் பேர். அவர்களுடைய இணையதளத்தில் கடைசியாகச் செய்தி ஏறியது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு.

ஐந்து வாரங்களுக்கு முன் அவர்களுக்கு இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினேன். அடையாளச் சின்னத்தைப் புதுப்பிப்பது, சமூக ஊடகங்களுக்கான ஓராண்டுத் திட்டம், நன்கொடையாளர்களை ஈர்க்க ஒரு குறும்படம், இணையதளத்தை முழுவதுமாக மாற்றி எழுதுவது என்று என்னால் இயன்றவற்றையெல்லாம் விரிவாகச் சொல்லியிருந்தேன். கடிதத்துக்கும் பதில் இல்லை, பிறகு அனுப்பிய நினைவூட்டலுக்கும் இல்லை. இலவசமாகத் தருகிறேன் என்று சொல்லியும் ஏன் இந்த மௌனம் என்று விளங்கவில்லை. நேரில் போவது நல்லதா, வீட்டிலிருந்தே செய்வது நல்லதா என்றும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பழைய நிருபர்:

நண்பரே, உங்கள் கடிதத்தைத் திறந்து படித்தவர் யாராக இருப்பார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். எட்டுப் பேர் மட்டுமே உள்ள அமைப்பில் மின்னஞ்சல் பார்ப்பவரே வண்டி ஓட்டுபவராகவும், கணக்கு எழுதுபவராகவும், வனத்துறை அலுவலகத்தில் காத்திருப்பவராகவும் இருப்பார். அவர் கண்ணுக்கு உங்கள் இரண்டு பக்கமும் உதவியாகத் தெரிந்திருக்காது, நான்கு புதிய வேலைகளாகவே தெரிந்திருக்கும். சின்னத்தை மாற்றினால் பெயர்ப்பலகை, ரசீதுப் புத்தகம், வண்டிக் கதவு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஓராண்டுத் திட்டம் என்றால், நீங்கள் மூன்று மாதத்தில் கிளம்பிய பிறகு மீதி ஒன்பது மாதத்துக்கு யார் பதிவு போடுவது? வேண்டாம் என்று எழுதினால் உங்கள் மனம் புண்படும், சரி என்று எழுதினால் தம் வேலை கூடும். இரண்டுக்கும் நடுவில் மௌனம்தான் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

முடிவு தேதி உள்ள ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள். நிதி வழங்குவோருக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கை எப்போது வரவேண்டும், அதைத் திருத்தித் தந்தால் பயன்படுமா என்று நான்கு வரியில் கேட்டால் பதில் வர வாய்ப்புண்டு. அறிக்கை என்பது எப்படியும் அவர்கள் செய்தே ஆக வேண்டிய சுமை. அதில் பாதியைத் தூக்குகிறேன் என்பவரை எவரும் காக்க வைப்பதில்லை.

நாற்றங்கால்:

நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன். இதே போன்ற ஓர் அமைப்பில் ஆறு ஆண்டுகள் ஊழியராக இருந்து, பல நாடுகளிலிருந்து வந்த தன்னார்வலர்களை வரவேற்று வழியனுப்பியிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், திறமைசாலிகள். ஆனாலும் அவர்கள் போன பிறகு எங்களுக்கு மிஞ்சியது என்ன என்று பார்த்தால், சிலரிடமிருந்து மிகப் பெரிய உதவியும் சிலரிடமிருந்து ஒரு தலைவலியும்தான்.

தலைவலியை முதலில் சொல்கிறேன். ஓர் ஆண்டு வந்த இளைஞர் எங்களுக்காகச் சமூக ஊடகப் பக்கம் ஒன்றைத் தொடங்கினார். படங்கள் அருமையாக இருந்தன, சில வாரங்களிலேயே பின்தொடர்பவர்கள் பெருகினார்கள். பக்கத்தைத் தம் சொந்த மின்னஞ்சலில் தொடங்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் தம் சொந்தக் கைப்பேசி எண்ணில் வைத்திருந்தார் என்பது அவர் ஊர் திரும்பிய பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அவர் எண்ணை மாற்றிக்கொண்டதும் அந்தப் பக்கத்துக்குள் நுழைய எங்களில் எவராலும் முடியவில்லை. பழைய அலுவலகத்தின் முகவரியும் வேலையை விட்டுப் போனவரின் தொலைபேசி எண்ணும் அதில் அப்படியே இருக்க, நன்கொடை தர விரும்பியவர்கள் அந்த எண்ணைத்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மீது எனக்குக் கோபம் கிடையாது. கேட்க வேண்டிய கேள்வியை நாங்களும் கேட்கவில்லை. ஆனால் தொடுவானம் அவர்களே, நீங்கள் எதைத் தொடங்கினாலும் முதல் நாளிலேயே அமைப்பின் பொது மின்னஞ்சலில் தொடங்குங்கள். அங்கேயே தங்கப்போகும் இருவரை நிர்வாகிகளாகச் சேருங்கள். மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு அலுவலகப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். இணைய முகவரியின் ஆண்டுக் கட்டணம் யார் அட்டையிலிருந்து போகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் பல சிறு அமைப்புகளின் தளம் மறைந்துபோவதற்குக் காரணம் இந்த ஒன்றுதான்.

உதவியாக அமைந்தது வேறு வகை. ஓய்வு பெற்ற பதிப்பாசிரியர் ஒருவர் ஐந்து வாரம் வந்து தங்கினார். முதல் பத்து நாள் எதுவும் எழுதவில்லை, நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார். எங்கள் தோட்டக்காரர் ஒவ்வொரு மாலையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எந்த இனத்தின் விதை எந்தத் தாய்மரத்தில் எடுத்தது, எத்தனை முளைத்தது, எத்தனை பட்டுப்போனது என்று குறித்து வைப்பார். அந்த நோட்டு தண்ணீர் பட்டு ஓரம் ஊதிப் போயிருக்கும். எங்களுக்கு அது வெறும் நோட்டு. அந்தப் பதிப்பாசிரியர் அதைத் தோட்டக்காரரோடு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்து, அதிலிருந்து நான்கு பக்க அறிக்கை ஒன்றை எழுதினார். நட்ட கன்றுகள் இத்தனை என்று மட்டும் சொல்லிவந்த நாங்கள், முதல் முறையாக இரண்டு கோடைக்குப் பிறகு உயிரோடு நின்றவை இத்தனை என்று சொன்னோம். எண் சிறியதாகிவிட்டதே என்று நான் தயங்கினேன். நிதி வழங்கியவர்களோ அடுத்த ஆண்டு நீர் பாய்ச்சும் செலவுக்கும் சேர்த்துத் தந்தார்கள், பட்டுப்போனதற்குக் காரணம் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று அந்த அறிக்கை வெளிப்படையாகச் சொன்னதால்.

தொடுவானம்:

இருவருக்கும் நன்றி. பழைய நிருபர் ஐயா சொன்ன கோணத்தில் என் கடிதத்தை மீண்டும் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். வெளியிலிருந்து வருபவரின் கண்ணுக்கு உள்ளே இருப்பவர்கள் காணாதது தெரியும் என்பது உண்மையல்லவா? அந்த நோட்டின் மதிப்பைக் கண்டவரும் வெளியாள்தான். அது போலவே, அவர்கள் அறியாத வாய்ப்புகளையும் நான் எடுத்துச் சொல்ல முடியும். எடுத்துக்காட்டாக, தகுதி பெற்ற தொண்டு அமைப்புகளுக்குக் கூகுள் தன் தேடுபொறியில் மாதம் 10,000 டாலர் மதிப்புள்ள விளம்பரத்தை இலவசமாகத் தருகிறது. சுவரொட்டி, அறிவிப்பு முதலியவற்றை வடிவமைக்க உதவும் இணையச் செயலியான கேன்வா தன் கட்டணச் சேவையை அவர்களுக்கு இலவசமாகத் திறந்துவிடுகிறது. இவற்றைப் பெற்றுக் கொடுத்துவிட்டு வந்தாலே பெரிய உதவி அல்லவா?

நாற்றங்கால்:

வெளிக்கண் தேவை என்பதில் மறுப்பில்லை. அந்தப் பதிப்பாசிரியர் பத்து நாள் மண் நிரப்பிய பிறகு பார்த்த கண் அது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கேன்வா நல்ல யோசனை. எங்கள் அலுவலகப் பெண் ஒரே மாலையில் கற்றுக்கொண்டு, இன்றுவரை அறிவிப்புகளை அதில்தான் வடிவமைக்கிறார். கூகுள் விளம்பரக் கொடை அத்தகையதன்று. அந்தக் கணக்கைத் தக்கவைக்க, விளம்பரத்தைக் காண்பவர்களில் குறைந்தது 5 விழுக்காட்டினர் அதைச் சொடுக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு விதி உண்டு. தொடர்ந்து அதற்குக் கீழே போனால் கணக்கு முடக்கப்படலாம். அதாவது மாதந்தோறும் யாரேனும் உட்கார்ந்து சொற்களைத் திருத்த வேண்டும். உங்களால் உங்கள் ஊரிலிருந்தே இரண்டு ஆண்டு அதைப் பார்த்துக்கொள்ள முடியும் என்றால் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். முடியாது என்றால் அதைப் பற்றிப் பேச்செடுக்காமல் இருப்பதே உதவி.

கரைநண்டு:

கடலாமைகள் முட்டையிடும் கடற்கரை ஒன்றில் இரண்டு பருவம் தகவல் தொடர்புத் தன்னார்வலராக இருந்தவன் நான். இதுவரை யாரும் தொடாத ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் தொழிலில் படம் எடுத்தால் எங்கே எடுத்தது என்று போடுவதுதான் பழக்கம். சூழல் அமைப்பில் அது தீங்காக முடியலாம்.

இந்தோனேசியாவின் ரோத்தே தீவில் வாழும் நீள்கழுத்து ஆமை 1994-இல் தனி இனமாக அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது. செல்லப்பிராணி வணிகர்களுக்கு அதுவே அழைப்பிதழ் போலாகி, வாழும் இடம் தெரிந்த அந்த அரிய ஆமையைத் தேடிப் பிடித்துப் பிடித்தே இயற்கையில் ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டார்கள். ஆய்வுக் கட்டுரைக்கே இந்த விளைவு என்றால், ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் ஒரு படத்துக்கு என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இதனால்தான், தாம் கண்ட உயிரினங்களைப் பொதுமக்கள் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம், அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பதிவுகளில் துல்லியமான இடத்தைக் காட்டாமல், அகலத்திலும் நெடுக்கத்திலும் 0.2 பாகை கொண்ட ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியை வைத்து மறைத்துவிடுகிறது. நிலநடுக்கோட்டருகே அந்தக் கட்டத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் இருக்கும்.

கைப்பேசியில் இட அறியும் வசதி திறந்திருந்தால் படக்கோப்புக்குள்ளேயே எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். தரம் குறையக் கூடாது என்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். நல்ல தரத்தில் வேண்டும் என்று கேட்பவர்கள் நம்மைப் போன்ற தகவல் தொடர்பு ஆட்கள்தாம் என்பதால் இதைச் சொல்கிறேன். பிறகு அதே கோப்பை அமைப்பின் சொந்த இணையதளத்தில் ஏற்றினால், எவரும் பதிவிறக்கிக் கூட்டின் இடத்தைப் படித்துக்கொள்ளலாம். ஏற்றும் முன் நீக்கிவிடுவதைப் பழக்கமாக்குங்கள். தகவல் கோப்பில் இல்லாவிட்டாலும் பின்னணியில் ஒரு தனிப் பாறையோ பெயர்ப்பலகையோ தெரிந்தால் போதும், உள்ளூர் வேட்டைக்காரருக்கு இடம் பிடிபட்டுவிடும். நான் எடுத்த மிக நல்ல படம் இந்தக் காரணத்தால்தான் இன்றுவரை வெளிவரவில்லை. கடற்கரையில் இரவில் வெள்ளை ஒளியும் ஃபிளாஷும் கூடாது என்பதால் எனக்குக் கிடைத்ததே சிவப்பு விளக்கில் எடுத்த சில மங்கல் படங்கள், அவற்றிலும் ஒன்று இப்படிப் போனதில் எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு.

விலங்கைக் கையில் ஏந்தியபடியோ அதனருகே நின்றோ எடுக்கும் படங்களையும் தவிர்த்துவிடுங்கள். கோஸ்டாரிகா அரசு 2019-இல் காட்டுயிர்களோடு தற்படம் எடுப்பதற்கு எதிராக ஒரு பரப்புரையே நடத்தியது. குரங்கினங்களைப் படமெடுப்பது பற்றி இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் வல்லுநர்கள் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மனிதரும் குரங்கும் ஒரே படத்தில் வருவதென்றால் குறைந்தது 7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கின்றன. ஊழியரின் தோளில் அமர்ந்த குரங்குக் குட்டி எவ்வளவு நன்கொடை கொண்டு வந்தாலும், பார்ப்பவருக்குத் தாமும் ஒன்றை வளர்க்கலாம் என்ற ஆசையைத்தான் ஊட்டுகிறது.

மழைக்காகம்:

மனிதர்களின் படங்களைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பியத் தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பான கான்கார்ட், படங்களுக்கும் செய்திகளுக்குமான நடத்தை நெறி ஒன்றை 2006-இல் ஏற்றது. படத்தில் வருபவரின் முழு ஒப்புதல், அவருடைய கண்ணியம், அவர் தம் கதையைத் தாமே சொல்லும் வாய்ப்பு ஆகியவை அதன் அடிப்படை. நான் ஒரு சிறிய சோதனையை வைத்துக்கொண்டிருக்கிறேன்: படத்தை அச்சிட்டுப் படக்குறிப்பை அவருடைய மொழியில் எழுதி அவர் வீட்டிலேயே கொடுக்க எனக்குக் கூச்சம் இல்லாவிட்டால் அதை வெளியிடலாம். ‘காட்டை அழித்துக்கொண்டிருந்த ஏழை விவசாயி மனம் திருந்தினார்’ என்ற குறிப்பை அந்த விவசாயியின் வாசலில் நின்று படித்துக் காட்ட முடியுமா என்று பாருங்கள்.

எல்லைக்கல்:

பேச்சு நன்றாகப் போகிறது. ஆனால் நுழைவிசைவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஊதியம் இல்லை என்பதால் சுற்றுலா விசா போதும் என்று எண்ணிப் போய் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரிட்டனில் சாதாரணப் பார்வையாளர் விசாவில் பதிவு பெற்ற அறக்கட்டளையில் 30 நாள் வரை தொண்டு செய்யலாம், அதற்கு மேல் என்றால் தனி விசா. நியூசிலாந்தில் உணவும் தங்குமிடமும் பெற்றுக்கொண்டு உழைத்தாலே அது வேலையாகக் கருதப்படும். நீங்கள் போகும் நாட்டின் விதியை அந்த நாட்டுத் தூதரகத்தின் வாயிலாக எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ‘எங்களிடம் எல்லோரும் சுற்றுலா விசாவில்தான் வருகிறார்கள்’ என்று அமைப்பே சொன்னாலும் ஏற்காதீர்கள்.

தனிமரம்:

எல்லோரும் எப்படிப் போவது என்றே பேசுகிறீர்கள். போகத்தான் வேண்டுமா? விமானச் செலவை அப்படியே அந்த அமைப்புக்குக் கொடுத்தால் அந்த ஊர்ப் பட்டதாரி ஒருவரைச் சில மாதம் சம்பளத்துக்கு வைத்து இதே வேலையைச் செய்ய வைக்கலாம். அவருக்கு மொழி தெரியும், ஊர் தெரியும், மூன்று மாதத்தில் கிளம்பவும் மாட்டார். காட்டைக் காக்க விமானத்தில் பறப்பதில் உள்ள முரணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐக்கிய நாடுகளின் தன்னார்வலர் அமைப்பே 2000-ஆம் ஆண்டிலிருந்து இணையவழித் தொண்டை நடத்திவருகிறது. எழுத்து, மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு எல்லாம் அதில் வீட்டிலிருந்தே நடக்கின்றன.

நாற்றங்கால்:

தனிமரம் அவர்களின் கேள்வி நியாயமானது. விண்ணப்பம் திருத்துவது, அறிக்கைக்கு மெய்ப்புப் பார்ப்பது, வடிவமைப்பு ஆகியவற்றுக்கு நேரில் வரத் தேவையே இல்லை. ஆனால் அந்தத் தோட்டக்காரரின் நோட்டு இணையவழிக் கூட்டத்தில் எவர் கண்ணிலும் பட்டிருக்காது. அப்படி ஒன்று இருப்பதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கே தோன்றியதில்லை. ஆகவே முதலில் இரண்டு மூன்று மாதம் தொலைவிலிருந்து ஏதேனும் ஒரு வேலையை முடித்துக் கொடுங்கள். நம்பிக்கை பிறந்து, வாருங்கள் என்று அவர்களே அழைத்தால் போங்கள். அழைக்காவிட்டால் முடித்த வேலை மிச்சம்.

தொலைவிலிருந்து செய்யும்போது அவர்களுடைய இணைப்பின் வலுவையும் நினைவில் கொள்ளுங்கள். எங்கள் இடத்தில் சூரியத்தகட்டின் மின்கலம் மாலை ஏழு மணிக்குமேல் விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டுமே தாங்கும். காணொளிக் கூட்டம் வைப்போம் என்று ஆர்வத்தோடு நேரம் குறித்தவர்களிடம் இதை விளக்குவதற்கே ஒரு கூட்டம் தேவைப்பட்டது. குரல் பதிவாகக் கேள்வி அனுப்புங்கள். அவர்கள் நடந்துகொண்டே பதில் பேசி, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வந்ததும் அனுப்பிவிடுவார்கள். நல்ல படங்கள் வேண்டுமென்றால் மேகக் கிடங்கில் ஏற்றச் சொல்லாமல், நகரத்துக்குப் போகும் ஒருவரிடம் நினைவக அட்டையைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

பழைய நிருபர்:

இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: அவர்கள் யாரிடம் பேச விரும்புகிறார்கள்? நம்மைப் போன்றோர் தகவல் தொடர்பு என்றதும் வெளிநாட்டு நன்கொடையாளரையே நினைக்கிறோம். நான் ஒரு முறை போன இடத்தில், ஈரநிலம் ஒன்றைக் காக்கும் அமைப்புக்கு ஆங்கிலச் செய்திமடல் எழுதத்தான் என்னை அழைத்திருந்தார்கள். அங்கே அவர்களுக்கு உண்மையில் இருந்த சிக்கல் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஈரநிலத்தைச் சுற்றி அமைப்பு போட்ட வேலி எதற்காக, தங்கள் மாடுகள் எந்த மாதத்தில் உள்ளே மேயலாம் என்பது பக்கத்துக் குடியிருப்புக்குத் தெரியாமல், இரவில் யாரோ கம்பியை அறுத்துக்கொண்டிருந்தார்கள். செய்திமடலைத் தள்ளி வைத்துவிட்டு, மாடு மேய்ப்பவர்கள் தண்ணீர் காட்டும் இடத்தில் மாதங்களைப் படங்களாக வரைந்த பலகை ஒன்றை வைத்தோம். உள்ளூர் வானொலியில் வாரம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி, அவர்களில் ஒருவரையே பேசவும் வைத்தோம். அதில் என் எழுத்து ஒரு வரி கூட இல்லை. கேள்விகளை வரிசைப்படுத்தியது மட்டும்தான் நான். பதினோரு ஆண்டு எழுதியவருக்கு இது சற்றுக் கசக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொடுவானம்:

கசந்தது, ஐயா. இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பழைய கடிதத்தை மறந்து புதிதாக எழுதினேன். இப்படித்தான் இருந்தது: ‘உங்கள் அடுத்த அறிக்கை எப்போது, எந்த மொழியில் போக வேண்டும்? மூன்று மாதத்துக்கு வாரம் எட்டு மணி நேரம் என்னிடம் இருக்கிறது. அறிக்கையின் திருத்தமோ, நெடுநாளாகத் தள்ளிப்போன வேறு எழுத்து வேலையோ ஒன்று மட்டும் சொல்லுங்கள், வீட்டிலிருந்தே முடித்து அனுப்புகிறேன். கோப்புகள் எல்லாம் உங்கள் கணக்கிலேயே இருக்கும்.’

நேற்றிரவு பதில் வந்தது, முன்பு எழுதிய கடிதம் நினைவிருப்பதாகவும் பதில் எழுத நேரம் வாய்க்கவில்லை என்றும். அறிக்கை கேட்கவில்லை. நாற்றங்காலில் வளரும் நாற்பது உள்ளூர் மர இனங்களுக்குப் பெயர், எப்போது விதை எடுப்பது, எவ்வளவு நிழல் வேண்டும் என்று எழுதிய அட்டைகள் வேண்டுமாம். விதை கொண்டுவரும் ஊர்ப் பெண்கள் பார்த்து அடையாளம் கண்டுகொள்ள வேண்டும், மழையில் நனைந்தாலும் அழியக் கூடாது. ஒருவர் தம் நோட்டின் பன்னிரண்டு பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். நான்காவது பக்கத்தில் ஒரு பெயரின் மேல் தண்ணீர் கொட்டி மை பரவியிருக்கிறது. அது என்ன மரம் என்று கேட்டுக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறேன்.

நாற்றங்கால்:

அட்டையில் பூவின் படத்தைவிட விதையின் படத்தைப் பெரிதாகப் போடுங்கள். பொறுக்க வருபவர்கள் தரையைப் பார்த்துத்தான் நடப்பார்கள்.